விரிசலும் மீன்வாலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் மலரைப் பற்றியும் கனியைப் பற்றியும் பேசுவதே மரபு. விரிசலைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சற்று அபசகுனமாகக்கூடத் தோன்றலாம். ஆனால் ஓர் அமைப்பைப் பத்தாண்டுக் காலம் உடையாமல் வைத்திருந்தவர்கள் அந்தச் சொல்லுக்கு அஞ்சமாட்டார்கள். கையால் குடைந்த மரக்கிண்ணம், அதில் விழும் விரிசல், அவ்விரிசலை ஹவாய்த் தீவுகளின் மக்கள் கட்டிய முறை ஆகியனவே இவ்வுரையின் பொருள்.

உடைந்ததைச் செப்பனிடுதல் என்றதும் இக்காலத்தில் எல்லோர் நாவிலும் வருவது ஜப்பானியரின் கின்ட்சுகி. உடைந்த பீங்கானை மரப்பால் அரக்கினால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொன்தூள் தூவும் அக்கலை அழகியதே. ஆயினும் கவிதை மேடைகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் அது அளவுக்கு மீறிப் புழங்கித் தேய்ந்துவிட்டது. உவமை என்ற முறையில் அதற்கு வேறொரு குறையும் உண்டு. பீங்கான் உடைவது ஒரு நிகழ்ச்சி. உடைந்த கணத்தோடு அது முடிந்துவிடுகிறது. ஒட்டுபவன் முன்னால் இருப்பவை மேற்கொண்டு மாறாத துண்டுகள். மரத்தின் விரிசல் அப்படிப்பட்டதன்று. அது மழைக்காலத்தில் ஒடுங்கும், கோடையில் விரியும், ஆண்டுக்கு ஆண்டு நீளவும் செய்யும். முடிந்துபோன காயத்தை மூடுவது ஒரு தொழில். முடியாத காயத்தோடு ஒரு பாத்திரத்தை வாழவைப்பது வேறொரு தொழில். இரண்டாவது தொழிலைக் கற்க ஹவாய்க்குத்தான் போக வேண்டும்.

அத்தீவுகளில் மண்பாண்டம் வனையும் வழக்கம் இல்லை. 1778இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் வந்து சேரும்வரை அங்கு உலோகத் தொழிலும் இல்லை. உண்கலம் என்றால் சுரைக்குடுக்கை. இல்லையேல் மரத்தில் குடைந்த கிண்ணம். மரக்கிண்ணத்தை அவர்கள் 'உமெகெ' என்பர். கல் வாச்சியால் கட்டையைச் செதுக்கி, உள்ளே குடைந்து, பவளக்கல்லாலும் நுரைக்கல்லாலும் தேய்த்து, உலர்ந்த ஈரப்பலா இலையை உப்புத்தாள் போலப் பயன்படுத்தி மெருகேற்றி, நாட்டு அக்ரோட்டு எண்ணெய் பூசி முடிப்பார்கள். கடைசல் எந்திரத்தில் கடைந்ததோ என்று ஐயுறும் அளவுக்கு வட்டம் பிசகாத கிண்ணங்கள் அவை. சுவரின் கனம் விளிம்பில் மெல்லியதாகவும் அடியில் தடித்ததாகவும் படிப்படியாக மாறும். ஒரு பெரிய கிண்ணம் முடிய நெடுநாள் ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த மரத்தில் குடைந்தார்கள் என்பது தமிழ் அவைக்குச் சுவையான செய்தி. முதன்மையானது 'கோவு' என்னும் மரம்; தமிழகத்து நறுவிலியின் குலத்தைச் சேர்ந்தது. உணவில் தன் மணத்தையோ கைப்பையோ ஏற்றாது என்பது அதன் சிறப்பு. தோணிக்கு உகந்ததான 'கோஆ' மரத்தை உண்கலத்துக்குப் பெரும்பாலும் ஒதுக்கினர். அது உணவில் கைப்பேற்றும். அடுத்த நிலையில் வருபவை இரண்டு: அவர்கள் 'மிலோ' என்பது நம் பூவரசு, அவர்கள் 'கமானி' என்பது நம் புன்னை. தமிழ்ச் சிறுவர்கள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய அதே பூவரசிலும், நெய்தல் நிலப் பாடல்கள் எல்லாம் நிழல் தரக் கேட்ட அதே புன்னையிலுந்தான் அந்தத் தீவுமக்கள் உணவு வைத்து உண்டனர்.

புன்னை என்றதும் நற்றிணையின் 172ஆம் பாட்டை இவ்வவையினர் நினைவுகூர்வர். மணலில் புதைத்து விளையாடிய விதை முளைத்து மரமாயிற்று. தாயோ அதனை மகளுக்கு உடன்பிறந்தாள் என்றாள். உடன்பிறந்தாளின் நிழலில் தலைவனோடு நகையாடத் தலைவி நாணுகிறாள். ஹவாய் மக்களின் தொல்கதையும் இதே உறவைத்தான் பேசுகிறது. மரத்தைக் குறித்தன்று, கிழங்கைக் குறித்து. வாக்கேயா என்பவனுக்கும் ஹோஓஹோகூகலானி என்பவளுக்கும் பிறந்த முதற்பிள்ளை உயிரின்றிப் பிறந்தது. வீட்டருகே அதைப் புதைத்த இடத்தில் நீண்ட காம்பும் நடுங்கும் இலையுமாகச் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவாவே மனித குலத்தின் மூதாதை. ஆகவே சேம்பு மனிதனுக்குத் தமையன். இரு கடற்கரை மக்கள், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரு பயிரை உடன்பிறப்பு என்று கண்டிருக்கின்றனர்.

அந்தத் தமையனை மண்ணடுப்பில் அவித்து, கல்லுலக்கையால் இடித்து, நீர் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பது 'போய்' எனப்படும் களி. ஓரிரு நாள் வைத்துப் புளிக்கவிட்டும் உண்பர். களியின் இறுக்கத்தை ஒருவிரற் களி, இருவிரற் களி, மூவிரற் களி என்று விரலால் அளப்பது வழக்கம். குடும்பம் முழுவதும் ஒரே கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்து விரலால் எடுத்து உண்ணும். கிண்ணத்தின் மூடி திறந்திருக்கும் வரை அவ்விடத்தில் சினமும் வழக்கும் கூடா என்பது அம்மக்களின் நெறி. திறந்த கிண்ணத்தில் ஹாலோவா இருக்கிறான். மனிதர்களிடையே பிளவு தோன்றக்கூடாத இடம் ஒன்று வீட்டில் உண்டென்றால் அது அந்தக் கிண்ணத்தின் ஓரம். அந்தக் கிண்ணத்திலேயே பிளவு தோன்றினால் என்ன செய்வது?

தோன்றத்தான் செய்யும். மரத்தின் இயல்பு அது. வெட்டிய மரத்தில் நீர் இருவகையாக நிற்கிறது. அணுக்களின் உட்குழிவில் தேங்கியிருப்பது ஒன்று. அணுச்சுவரோடு கலந்திருப்பது மற்றொன்று. முதல்வகை நீர் வெளியேறும்போது எடை குறையுமேயன்றி உருவம் மாறாது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பின்னரே சுவர் நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்கத் தொடங்குவதும் அப்போதுதான். எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்கினால் விரிசலே இராது. பெரிய கிண்ணம் சற்றுச் சிறிய கிண்ணமாகும், அவ்வளவே. ஆனால் நார் ஓடும் நெடுந்திசையில் சுருக்கம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கைத் தாண்டுவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் அது பன்மடங்கு. வளையத்தை ஒட்டிய சுற்றுத்திசையில் அதற்கும் ஏறத்தாழ இருமடங்கு. ஆரம் குறையும் வேகத்தைவிடச் சுற்றளவு குறையும் வேகம் மிகுதி. அந்த வேறுபாட்டைத் தாங்க மாட்டாமல் மரம் மையத்தை நோக்கிப் பிளந்துகொள்கிறது. தச்சர்கள் கட்டையின் நடுவை ஒதுக்கிவிட்டுப் பலகை அறுப்பதன் காரணம் இதுதான். முழுக்கட்டையைக் குடைந்து வட்டக் கிண்ணம் செய்பவனுக்கோ அந்த வசதி எப்போதும் வாய்ப்பதில்லை. பிளவின் விதை அடியிலேயே தங்கிவிடுகிறது.

நன்கு உலர்ந்த பின்னும் இந்த மூச்சு நிற்பதில்லை. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் பருப்பதும் இளைப்பதும் அதன் ஆயுள் முழுவதும் தொடரும். களி நிறைந்தபோது உட்புறம் நனைந்திருக்கும். வெளிப்புறம் வெயில் கண்டிருக்கும். ஒரு நாளைக்குள்ளேயே கிண்ணத்தின் இரு முகங்களும் இரு பருவங்களில் இருக்கின்றன எனலாம்.

ஹவாய்க் கைவினைஞர் அந்தப் பிளவின் குறுக்கே ஒரு சிறு மரத்துண்டைப் பதித்தனர். இரு முனையும் அகன்று இடை சிறுத்த துண்டு. தமிழர் கண்ணுக்கு அது உடுக்கை. மேலைநாட்டார் கண்ணுக்கு வண்ணத்துப்பூச்சி. ஹவாய் மக்கள் அதற்கு இட்ட பெயர் 'பெவா'. மீனின் வால் என்பது அதன் முதற்பொருள். மேரி கவேனா பூகுயியும் சாமுவேல் எல்பர்ட்டும் தொகுத்து 1957இல் வெளியிட்ட ஹவாய் அகராதி இரு பொருளையும் தருகிறது; மீன்வாலின் வடிவத்தாலேயே ஒட்டுத் துண்டுக்கு அப்பெயர் வந்திருக்கலாம் என்றும் குறிக்கிறது. கடலோடிகள் தம் அடுக்களைப் பழுதுக்குக்கூட மீனிடமிருந்து சொல் எடுத்தனர்.

இனித் தொழில் நுட்பம். பெவாவைச் செதுக்கும்போது அதன் நார் விரிசலுக்குக் குறுக்காக ஓடுமாறு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரிசலோடு இணையாக ஓடினால், கிண்ணம் இழுக்கும் முதல் இழுப்பிலேயே இடுப்பில் முறிந்துவிடும். குறுக்காக ஓடும்போது மரம் தன் முழு வலிமையையும் இழுவிசைக்கு எதிராக நிறுத்துகிறது. அகன்ற முனைகள் இருபுறமும் பூட்டிக்கொள்வதால் கிண்ணச் சுவர்கள் மேலும் விலகுவதற்கு வழியில்லை. முதலில் துண்டைச் செதுக்குவது. பிறகு அத்துண்டையே விரிசலின்மேல் வைத்து எல்லை கீறிக் குழி வெட்டுவது என்பதே தேர்ந்த முறை. குழிக்கேற்பத் துண்டைச் செதுக்கப் புகுந்தவன் இரண்டையும் கெடுப்பான். நீண்ட விரிசலுக்கு ஒரு பெரிய பெவா உதவாது. சிறு பெவாக்களை வரிசையாக இடைவெளி விட்டுப் பதிப்பர். பெவா தன் நீளத்தில் சுருங்குவதில்லை, கிண்ணமோ அதே திசையில் சுருங்கி விரிகிறது. துண்டு சிறிதாக இருந்தால் அந்த முரண் தாங்கத்தக்க அளவில் நிற்கும். கணு உதிர்ந்த இடத்தில் வட்ட அடைப்பு. விளிம்பு சிதைந்தால் அங்கு ஒரு துண்டை இழைத்துப் பொருத்தி மரமுளையால் இறுக்குதல். சுரைக்குடுக்கை பிளந்தாலோ இரு கரையிலும் துளையிட்டு நாரால் தைத்துவிடுவர். ஹொனலுலுவில் 1889இல் நிறுவப்பெற்ற பிஷப் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த மாவோரி அறிஞர் தே ரங்கி ஹிரோவா எழுதி, அவர் மறைந்த பின் 1957இல் வெளிவந்த ஹவாய்க் கைவினை நூல் இவ்வொட்டுகளையும் ஆய்வுக்குரிய கலையாகவே கருதி விவரிக்கிறது. மேற்சொன்ன அகராதி வெளிவந்ததும் அதே ஆண்டு என்பது தற்செயலான ஒற்றுமை.

பெவா விரிசலை நிரப்புவதில்லை. இரு பெவாக்களின் நடுவே விரிசல் அப்படியே கோடாகத் தெரியும். ஈரம் ஏறும் நாளில் அது ஒடுங்க இடம் உண்டு. உலரும் நாளில் ஓர் எல்லைவரை நெகிழ இடம் உண்டு. எல்லையைத் தாண்ட மட்டும் அனுமதி இல்லை.

இதற்கு நேர்மாறானது தச்சுப் பட்டறைகளில் எளிதாகக் காணக் கிடைக்கும் முறை. மரத்தூளை வச்சிரத்தில் குழைத்து விரிசலில் திணித்து, லப்பம் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்துவிடுவது. அன்றைக்குப் பார்த்தால் புதுக்கிண்ணம். ஆனால் மழைக்காலம் வருகிறது, மரம் பருக்கிறது, விரிசலின் இரு கரைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர முயல்கின்றன. நடுவே திணித்த பொருள் கல்லாக நிற்கிறது. ஒடுங்க இடமில்லாத மரம் தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது. நசுங்கிய நார் மீண்டும் பழைய அளவுக்கு வருவதில்லை. அடுத்த கோடையில் மரம் இளைக்கும்போது, நசுங்கியது போக எஞ்சிய அளவிலிருந்து இளைக்கிறது. முன்பிருந்ததைவிடப் பெரிய விரிசல் நிரப்பின் ஓரமாகத் திறந்துகொள்கிறது. மீண்டும் திணிக்கிறார்கள். இப்படி நாலைந்து முறை நடந்தால் கிண்ணம் இரண்டாகும். கிண்ணத்தை உடைத்தது விரிசலா, நிரப்பிய கையா என்று கேட்டால், பெரும்பாலும் கையே.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. அதையும் சொல்வதே நேர்மை. ஜப்பானிய அரக்குக் கிண்ணங்களுக்கு அடிமரமும் மரமே. அங்குள்ள கைவினைஞர், அரக்குப் பாலோடு மாவுப் பசையும் மரத்தூளும் சேர்த்துக் குழைத்த 'கொகுசோ' என்னும் கலவையால் குறைகளை நிரப்பத்தான் செய்கின்றனர். நோட்டோ தீபகற்பத்து வாஜிமா நகரின் கிண்ணங்களில் வலுக்குன்றிய இடங்களுக்குத் துணியும் ஒட்டுவர். அந்த நிரப்பு நிலைப்பதற்குக் காரணம், மேலே பூசப்படும் பல அடுக்கு அரக்கு மரத்துக்கும் காற்றின் ஈரத்துக்கும் நடுவே திரையாக நிற்பதுதான். மூச்சைப் பெரும்பாலும் அடக்கிய மரத்தில் நிரப்பு நிற்கும். 2024ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் நேர்ந்த நிலநடுக்கத்தில் அவ்வூர்ப் பட்டறைகள் பல இடிந்தும் எரிந்தும் போயின. அக்கைகளின் பழுதுத் திறம் இப்போது ஊருக்கே தேவைப்படுகிறது. எனினும் எண்ணெய் மட்டும் பூசிய ஹவாய்க் கிண்ணத்துக்கு அம்முறை பொருந்தாது.

நிரப்புவதா, பிணைப்பதா என்ற இவ்வினா தச்சுப் பட்டறையோடு நின்றுவிடுவதன்று. தமிழ் அதை ஒரு காலத்தில் மிகக் கூர்மையாகச் சந்தித்தது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை செல்லரித்த ஏடுகள். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவேயில்லை. வேறு பல பாட்டுகளில் அடியும் சீரும் சிதைந்திருந்தன. யாப்பறிந்த புலவர் ஒருவருக்கு ஓர் அகவலடியை இட்டு நிரப்புவது பெரிய காரியமா? அக்காலத்தில் அப்படி நிரப்பியிருந்தால் பாராட்டியிருக்கக்கூடியவர்களும் பலர். அவர் புள்ளியிட்டு இடம் விட்டார். 1904இல் பதிற்றுப்பத்தை வெளியிட்டபோதும் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இன்றியே வெளியிட்டார். இடம் விட்டதனால்தான், பின்னர் வேறோர் ஏட்டிலோ உரை மேற்கோளிலோ ஒரு துண்டு கிடைத்தால் அது வந்து பொருந்துவதற்கு வாசல் திறந்திருந்தது. நிரப்பியிருந்தால், கிடைத்த துண்டுதான் வெளியே நின்றிருக்கும். அப்புள்ளிகளைப் படிக்கும்போது பொறுமையிழக்கும் இளங்கவிஞர்கள், அவை சோம்பலால் விட்ட இடமன்று என்பதை அறிய வேண்டும். பழைய பாட்டின் இரு கரைகளையும் குறிப்புரையால் பிணைத்து நிறுத்திய பின் விட்ட இடம் அது.

உடுக்கை வடிவப் பிணைப்பு ஹவாய்க்கு மட்டும் உரியதன்று. மரம் அறிந்த நாடுகள் பலவற்றில் அது உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அதை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் தமிழ் மண்ணில் வேலை செய்தவர். ஜார்ஜ் நகாஷிமா அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வழியினர், கட்டடக் கலைஞர். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியைப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டும் பணியில் 1937 முதல் 1939 வரை அங்கேயே தங்கி மேற்பார்த்தார். சுந்தரானந்தா என்று அரவிந்தர் அவருக்குப் பெயரிட்டார். பின்னர் அமெரிக்கா திரும்பியவரை, போர்க்காலத்தில் ஜப்பானிய இனத்தார் என்ற ஒரே காரணத்தால் 1942இல் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைத்தனர். கைக்குழந்தையோடு அடைபட்ட அந்த முகாமில்தான், உடன் அடைபட்டிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மரபுவழித் தச்சை அவர் கற்றார். பிற்காலத்தில் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் அவர் செய்த மேசைகளில், வணிகர்கள் கழிக்கும் வெடித்த வாதுமைப் பலகைகள் வெடிப்போடேயே நிற்கும். வெடிப்பின் குறுக்கே மீன்வால்கள் இருக்கும். 1990இல் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் நேர்ந்ததையும் குறிப்பிட வேண்டும். மீன்வால் அழகாக இருப்பதைக் கண்ட கைவினைஞர்கள் சிலர் விரிசலே இல்லாத பலகையிலும் அதைப் பதிக்கத் தொடங்கினர். அரைவிரற் கனத்துக்கும் குறைவாக மேலோடு ஒட்டிய வெறும் சித்திரம். அது எதையும் பிடித்து நிறுத்துவதில்லை. பழைய ஹவாயில் ஒட்டுகள் நிறைந்த கிண்ணத்துக்குப் புதுக் கிண்ணத்தினும் மதிப்பு மிகுதி என்பது உண்மை. ஆனால் அம்மதிப்பு ஒட்டின் வடிவத்துக்கு உரியதன்று. இத்தனை முறை பிளந்தும் இதைக் கைவிடாமல் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து செதுக்கினரே, அந்த உழைப்புக்கு உரியது. பொய் ஒட்டைத் தேர்ந்த கண் உடனே கண்டுகொள்ளும். விரிசல் எங்கே என்று தேடும். இல்லை என்றதும் முகம் திருப்பும். கவிதை வாசிப்போர் கண்ணும் அத்தகையதே. படாத துயரத்தின்மேல் பதித்த வரி எவ்வளவு நேர்த்தியாக இழைத்திருந்தாலும், குறுக்கே பிடிப்பதற்கு அதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

கோவு மரத்துக்கும் ஒரு பிளவு நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஓர் அந்துப்பூச்சி அதன் இலைகளைத் தின்று தீர்த்தது. வீடுதோறும் நிழல் தந்த மரம் அரிதாயிற்று. புதிய கோவுக் கிண்ணம் கிடைப்பது அரிதானபோது பழையவற்றின் ஒட்டுகள் பெருகின. மற்றொருபுறம் 1893இல் அரசி லிலியூஒகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்தது. இரண்டு தலைமுறையில் வீட்டுப் பேச்சே ஒடுங்கிற்று. உமெகெக்கள் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் செல்வர் வரவேற்பறைகளுக்கும் இடம்பெயர்ந்தன. பயணிகளுக்குக் கடைகளில் கிடைத்தது தூங்குமூஞ்சி மரத்தில் கடைந்த தட்டும் கிண்ணமுமே. 1895இல் பிறந்த பூகுயி அம்மையார் ஊர் ஊராகச் சென்று முதியோர் வாய்ச்சொற்களைச் சேகரித்தது அந்த இடைவெளிக் காலத்தில்தான். இழந்துபோன பேச்சைத் தாமே புனைந்து நிரப்பியவர் அல்லர் அவர். எஞ்சிய முதியவர் ஒருவரை ஒரு கரையிலும், மொழியறியாத பேரப்பிள்ளையை மறுகரையிலும் வைத்து நடுவே ஒரு சொல்லைப் பதித்தார். 1978இல் ஹவாய் மொழி அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1984இல் மொழிக்கூடு என்னும் பொருள்படும் 'பூனானா லேயோ' மழலைப் பள்ளிகள் தொடங்கின. பெவா என்ற சொல்லைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் மீண்டும் உண்டானார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் போன கிண்ணங்களின் நிலை வேறு. நாள்தோறும் களி வைத்து, கழுவி, எண்ணெய் தடவிப் புழங்கிய வரை அவற்றின் ஈரம் ஒரு நிதானத்தில் இருந்தது. கடற்காற்றை விட்டு, குளிர்நாட்டில் வெப்பமூட்டிய உலர்ந்த அறைக்குப் போன மரம் முன்பு காணாத அளவுக்கு இளைக்கும். நூறாண்டு தாங்கிய பழைய பிணைப்புக்கு அருகில் புதுப்பிளவு ஓடும். அதனால்தான் காப்பாளர்கள் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன் அறையின் ஈரத்தை அளக்கின்றனர். வந்து சேர்ந்த மரப்பண்டத்தை உடனே பழுது பார்ப்பதில்லை. பல மாதம் ஓரிடத்தில் அமைதியாக வைத்து, அது தன் புதிய இடத்தின் காற்றோடு ஒத்துப்போகும் வரை காத்திருக்கின்றனர். விரிசல் ஓய்வெடுத்து நின்ற பின்னரே உளி எடுக்கலாம்.

புழங்கும் கிண்ணமானால் கடைசியாக ஒரு சோதனை உண்டு. மீன்வாலை இறுகத் தட்டி இறக்கி, மேலே துருத்திய பகுதியைச் சுவரோடு சமமாகச் சீவி, கண்ணை மூடிக்கொண்டு உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். களி எடுக்கும் விரலுக்குத் தட்டுப்படும் எதையும் விட்டுவைக்கக்கூடாது.